விவாத இழை: பிரிட்டிஷ் பாண்டோவில் சமூகம் எந்த இடத்தில் தெரிகிறது?

கேள்விக்கொக்கி:
பிரிட்டனில் கிறிஸ்துமஸை ஒட்டி ஊர் ஊராக நடக்கும் பாண்டோமைம் நாடகங்களைப் பற்றிக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். (பேச்சில்லாத அபிநயம் அல்ல, பாட்டு, பேச்சு, கூச்சல் எல்லாம் உள்ள குடும்ப நாடகம்.) எதைப் படித்தாலும் "பாண்டோ பிரிட்டிஷ் சமூகத்தின் கண்ணாடி" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. ஆனால் போடுவது என்ன? சின்ட்ரெல்லா, அலாவுதீன், டிக் விட்டிங்டன், ஜாக்கும் அவரைக்கொடியும், மதர் கூஸ். தலைமுறை தலைமுறையாக இதே ஐந்தாறு கதைதான். இதில் சமூகம் எங்கே வந்தது? பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், மேடையில் இன்ன இடம் என்று யாராவது கைவைத்துக் காட்டுங்களேன்.

முன்திரை:
கதைக்குள் தேடினால் கிடைக்காது. காட்சி மாற்றும் இடைவெளியில் தேடுங்கள்.

பாண்டோவின் எலும்புக்கூடு இதுதான்: ஒரு முழு மேடைக் காட்சி, அடுத்து ஒரு முன்திரைக் காட்சி, மறுபடி முழு மேடை. அரண்மனையோ சந்தையோ முடிந்ததும் மேடையின் முன்பக்கம் வரைந்த திரை ஒன்று இறங்கும். அதற்கு முன்னால் இருக்கிற ஏழெட்டு அடி இடத்தில் இரண்டு மூன்று பேர் வந்து நாலைந்து நிமிடம் பேசுவார்கள். பின்னால் அடுத்த செட்டைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த நாலு நிமிடத்தில் கதை நகராது, நகரவும் கூடாது. செட் இன்னும் தயாராகவில்லை என்று ஸ்டேஜ் மேனேஜர் சைகை காட்டினால் நடிகர் இழுக்க வேண்டும்; சீக்கிரம் தயாரானால் வெட்ட வேண்டும். கதைக்கு வேண்டிய வசனத்தை அங்கே வைத்தால் இழுக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது.

அதனால் அந்த இடம் காலியாகவே விடப்படுகிறது. உள்ளூர் மாநகராட்சி, மூன்று வருஷமாகத் தோண்டிக் கிடக்கிற ரவுண்டானா, கார் பார்க்கிங் கட்டணம், பக்கத்து ஊர்க் கால்பந்து அணி, ராஜினாமா செய்த மந்திரி எல்லாரும் வந்து உட்காருவது அங்கேதான். 2021 டிசம்பரில், கொரோனா ஊரடங்கின்போது பிரதமர் அலுவலகத்தில் விருந்து நடந்த செய்தி வெடித்த சில நாட்களிலேயே நாடு முழுக்கப் பாண்டோ மேடைகளில் அது நகைச்சுவையாகிவிட்டது. யாரும் நாடகத்தைத் திருத்தி எழுதவில்லை. எழுதுவதற்கு இடம் முன்பே இருந்தது.

பழங்கொட்டகை:
@முன்திரை சொல்வது இன்றைய வடிவத்துக்குப் பொருந்தும். ஆனால் பேச்சே இல்லாத காலத்திலும் நையாண்டி இருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1737 உரிமச் சட்டம் வந்தபின் லண்டனில் வசன நாடகம் போடும் உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் மாதிரி அரச உரிமை பெற்ற அரங்குகளுக்கு மட்டும். எழுதிய வசனம் முழுவதும் நாடகத் தணிக்கை பார்த்த அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லைனின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் ஊமைக்கூத்தாக ஓடிய ஹார்லிக்வினேட் பகுதியில் (ஹார்லிக்வின் என்ற பாத்திரமும் கோமாளியும் வரும் துரத்தல் கூத்து) தணிக்கைக்கு அனுப்பப் பெரிதாக என்ன இருக்கிறது? ஒரு ஆள் என்ன பொருளை எப்படிக் கையில் எடுக்கிறான் என்பதைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது. அந்த ஓட்டைக்குள் புகுந்தவர் கோமாளி நடிகர் ஜோசஃப் கிரிமால்டி.

1811 டிசம்பரில் கோவென்ட் கார்டனில் போட்ட பாண்டோவின் பெயர் 'ஹார்லிக்வினும் பத்மநாபாவும், அல்லது தங்கமீன்'. ஆமாம், பத்மநாபாதான். சூனி என்ற இந்திய யானையை நிஜமாகவே மேடையில் ஏற்றினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து இறக்கிய உலகம் அப்போது லண்டன்காரனுக்கு எப்படி ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே நாடகத்தில் கிரிமால்டி ஒரு தொட்டிலை எடுத்து, நாலு வட்டப் பாலாடைக்கட்டிகளைச் சக்கரமாக மாட்டி, வண்டி ஓட்டிக் காட்டினார். நாலு குதிரை வண்டியைத் தாங்களே ஓட்டித் திரிந்த பணக்கார இளைஞர்கள் மேல் அடித்த அடி அது. அடுத்த வருஷம் கரிவாளிகளைக் காலில் பூட்ஸாக மாட்டிக்கொண்டு ஹுஸார் குதிரைப்படைச் சீருடையைக் கேலி செய்தார். நெப்போலியன் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இதையே வசனமாக எழுதியிருந்தால் உரிமம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

1843 சட்டம் அந்த ஏகபோகத்தை எடுத்தது. பேச்சு எல்லா அரங்குக்கும் வந்தது, சிலேடை பெருகியது, ஹார்லிக்வின் பகுதி தேய்ந்து வாலாகி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உதிர்ந்தே போனது. தணிக்கை மட்டும் 1968 வரை நின்றது. அதுவரை மேடையில் புதிதாகச் சேர்த்த ஜோக்குக்கும் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் விதி. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்!

எதிர்மேடை:
"கண்ணாடி" என்ற சொல்லே எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடி எல்லாரையும் காட்டும். பாண்டோ யாரைக் காட்டியது?

அலாவுதீனையே எடுங்கள். ஹென்றி ஜேம்ஸ் பைரன் 1861-இல் எழுதிய நாடகத்தில்தான் அலாவுதீனின் அம்மாவுக்கு ட்வாங்கி என்று பெயர் வந்தது. ட்வாங்கே அப்போது இறக்குமதியான மலிவான சீனப் பச்சைத் தேயிலை. இரண்டாம் அபினிப் போர் முடிந்தது 1860-இல். அதற்கு அடுத்த வருஷமே லண்டன் மேடையில் சீனா என்றால் தேயிலைப் பெயர், அப்புறம் நீல வெள்ளைப் பீங்கான் தட்டில் வரைந்த பாலமும் மரமும். பிறகு சலவைக்கடையும் ஒட்டிக்கொண்டது. சீனா எங்கே? லண்டன் கடைத்தெருவில் சீனாவிலிருந்து வந்து கிடந்த சரக்குதான் மேடையில் இருந்தது. மஞ்சள் மை பூசிய "சீனப் போலீஸ்காரர்கள்" அதற்குப் பிறகு நூறு வருஷம் தாண்டியும் ஓடினார்கள்.

டிக் விட்டிங்டனும் அப்படித்தான். நிஜ ரிச்சர்ட் விட்டிங்டன் க்ளஸ்டர்ஷயரில் ஒரு வசதியான நிலக்கிழார் குடும்பத்துப் பிள்ளை, துணி வியாபாரி, ராஜாக்களுக்கே கடன் கொடுத்தவர், 1423-இல் இறந்தார். மேடையில் அவர் மூட்டையும் பூனையுமாக வரும் ஏழைப் பையன். "உழைத்தால் நீயும் லண்டன் மேயராகலாம்" என்று வியாபார நகரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை அது. நடுவில் கப்பல் மொராக்கோவுக்குப் போகும். அங்கே சுல்தானுக்கு எலியைக் கூடச் சமாளிக்கத் தெரியாது. ஒரு லண்டன் பூனை போய்க் காப்பாற்றி மூட்டை தங்கம் வாங்கிவரும். இதை அந்தச் சமூகம் தன் முகத்துக்குப் போட்ட பவுடர் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பழங்கொட்டகை:
பவுடர் என்றே வைத்துக்கொள்வோம். என்ன பவுடர் போட்டார்கள் என்பதே முகத்தைப் பற்றிய தகவல்தானே?

ஆனால் நீங்கள் சொன்ன அதே கதைகளில் இன்னொரு சரடு ஓடுகிறது: கடன். ஜாக் ஏன் மாட்டை விற்கிறான்? வாடகை பாக்கி. சின்ட்ரெல்லாவின் அப்பா பரோன் ஹார்டப்: பட்டம் இருக்கிறது, மாளிகை இருக்கிறது, பெட்டியில் காசில்லை. அவர் வீட்டுக்கு இரண்டு ஜப்திக்காரர்கள் வந்து நாற்காலியைத் தூக்குவார்கள். இந்த இருவரும் மூலக்கதையில் கிடையாது. வாடகை பாக்கிக்கு வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவது விக்டோரியா காலத்தில் கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றாடம். பாண்டோ அதை ஒரு பிரபு வீட்டில் நடத்திக் காட்டியது. மலிவு டிக்கெட்காரர் சிரித்ததற்குக் காரணம் அதுதான்.

பட்டன்ஸ் என்ற வேலைக்காரப் பையனும் அப்படி வந்தவன்தான். வரிசையாகப் பித்தான் வைத்த சட்டை, பணக்கார வீட்டு எடுபிடிப் பையனின் சீருடை. சின்ட்ரெல்லாவை அவன்தான் உண்மையாக நேசிக்கிறான், பார்வையாளரோடு பேசுகிறவனும் அவன்தான், கடைசியில் கிடைக்காதவனும் அவன்தான். பாண்டோ அவனுக்குக் கல்யாணம் செய்துவைக்காது. வர்க்கக் கோட்டை எவ்வளவு தூரம் தாண்டலாம் என்பது அங்கே துல்லியமாகத் தெரியும்.

ஒப்பனைப்பெட்டி:
டேம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. ஆண் நடிகர் போடுகிற நடுவயதுப் பெண் வேடம். இதை டிராக் கலையோடு (ஆண்கள் அலங்காரமான பெண் வேடத்தில் ஆடிப்பாடும் கலை) போட்டுக் குழப்ப வேண்டாம். டிராக்கில் ஆண் மறைய வேண்டும். டேமில் உள்ளே ஆண் இருப்பது எப்போதும் தெரிய வேண்டும்: கனத்த பூட்ஸ், பட்டைக்கோட்டுக் காலுறை, குரலை மெலிதாக்காத பேச்சு. மார்புத் திண்டு கொஞ்சம் கோணினால்கூட அது ஜோக்.

நகைச்சுவை நடிகர் டான் லீனோ 1888-இலிருந்து ட்ரூரி லேனில் செய்த டேம்தான் இன்றைக்கும் அளவுகோல். அவர் வேடிக்கைப் பொம்மை செய்யவில்லை. வாடகைக்கும் அடுப்புக்கும் அல்லாடுகிற, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஓயாமல் பேசுகிற லண்டன் உழைக்கும் பெண்ணைச் செய்தார். மியூசிக் ஹாலிலிருந்து (பாட்டும் நகைச்சுவையுமாக ஓடிய வெகுஜனக் கேளிக்கை அரங்கு) ஆட்களை ட்ரூரி லேன் நிர்வாகி ஆகஸ்டஸ் ஹாரிஸ் அங்கே கூட்டிவந்தபோது "தரம் போச்சு" என்று பத்திரிகைகள் எழுதின. தரம் போகவில்லை, பேட்டைப் பேச்சு உள்ளே வந்தது. அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம், கதாநாயகனாகப் பெண் நடிகை. விக்டோரியா காலத்தில் பெண் கால் வெளியே தெரிவது மரியாதைக்குறைவு. இளவரசன் வேடம் என்றால் தொடை வரை இறுக்க உடையில் மேடையில் நடக்கலாம், அப்பாக்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கலாம்! தொடையில் பட்டென்று அடித்துக்கொள்கிற அந்தச் சைகையை இன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் வீரத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள். 1950களுக்குப் பிறகு ஆண் பாப் பாடகர்களும் டிவி ஆட்களும் அந்த இடத்துக்கு வந்தார்கள். 1956-இல் லண்டன் பல்லேடியத்தில் நகைச்சுவை நடிகர் நார்மன் விஸ்டம் அலாவுதீனாக வந்தார். பெண் கால் தெருவிலேயே தெரிய ஆரம்பித்தபின் மேடைக்கு அந்தச் சாக்கு தேவைப்படவில்லை என்பது என் கணக்கு.

இன்னொன்று. 1941 முதல் 1944 வரை விண்ட்சர் கோட்டையில் இளவரசிகள் எலிசபெத்தும் மார்கரெட்டும் கிறிஸ்துமஸுக்குப் பாண்டோ போட்டார்கள். அவற்றில் பெரும்பாலும் எலிசபெத் போட்டது ஆண் கதாநாயகன் வேடம். பின்னாளைய ராணியே இளவரசன் உடையில் வந்தார் என்றால், அந்த வழக்கம் எவ்வளவு வீட்டுக்குள் போயிருந்தது என்று பாருங்கள்.

கேள்விக்கொக்கி:
அருமை. ஒரு சந்தேகம்: மாவையும் நுரையையும் வாரி அடிக்கிற காட்சிக்கும் சமூகத்துக்கும் சம்பந்தம் உண்டா, அல்லது சும்மா கூத்தா?

தூக்குக்கயிறு:
உண்டு. என்ன வேலை செய்யும்போது அடித்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். துணி துவைத்தல், ரொட்டி சுடுதல், சுவருக்குக் காகிதம் ஒட்டுதல். எல்லாமே கூலி வேலை, எல்லாமே முதலாளி வெளியே போயிருக்கும்போது. "நான் வருவதற்குள் முடித்துவை" என்று சொல்லிவிட்டுப் போவார்; திரும்பி வரும்போது வாளி அவர் தலையில் கவிழும்.

செய்முறை கேட்பவர்களுக்கு: டப்பாவில் வரும் ஷேவிங் நுரையை வாங்கி அடிக்கிற குழுக்கள் உண்டு. மென்தால் உள்ளது கண்ணில் பட்டால் எரியும், நடிகர் அடுத்த பத்து நிமிடம் குருடர்தான். பழைய முறையே நல்லது. ஷேவிங் சோப்புக் குச்சியைத் துருவி, வெந்நீரில் ஊறவைத்து, டிரில்லில் மாட்டிய கலக்கியால் அடித்து, கரண்டியைத் தூக்கினால் முனை நிற்கிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். வண்ணத்துக்கு உணவுச் சாயம், மிகக் கொஞ்சம். கூடினால் உடையில் கறை ஏறும். இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே வாளியில் அடித்து வைக்காதீர்கள், விளக்குச் சூட்டில் தளர்ந்து தண்ணீராகிவிடும். நிஜக் கஸ்டர்டு, மாவுக்கூழ் இரண்டும் வேண்டாம். சர்க்கரை தரையில் ஒட்டும், இடுக்கில் புளிக்கும், எலி வரும்.

தரைக்குப் பாலிதீன் விரித்தால் யாராவது வழுக்கி விழுவது நிச்சயம். சொரசொரப்பான விரிப்பு வேண்டும். காட்சி முடிந்ததும் நாலு மூலையையும் நடுவுக்கு மடித்து நுரையோடு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும், பின்னாலேயே ஒருவர் உலர்ந்த துடைப்பத்தோடு வர வேண்டும். அதற்குத்தான் உடனே முன்திரைக் காட்சி வருகிறது. நனைந்த நடிகர் அதில் இருக்கக் கூடாது. இதை மறந்து காட்சிகளை அடுக்கினால் ஒத்திகையில் தெரியாது. முதல் உடை ஒத்திகையில் டேம் ஈர விக்கோடு நிற்கும்போதுதான் தெரியும்.

வடலி:
இப்பத்தைய சமூகம் எங்க தெரியுது எண்டு கேட்டால், மேடையை விட அரங்கின்ர அறிவிப்புப் பலகையைத்தான் நான் காட்டுவன்.

முந்தி மேடையில இருந்து பிள்ளையளுக்கு இனிப்பு எறிவினம். இப்ப கனக்க அரங்குகள் நிப்பாட்டிட்டினம். கண்ணில பட்டால் நட்டஈடு, கடலை ஒவ்வாமை, காப்பீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டினம். இன்னும் எறியிற இடங்களில மெதுவான இனிப்பு, கையைக் கீழ வைச்சு எறியிறது, பல்கனிப் பக்கம் எறியிறதே இல்லை.

மேடையில ஆடுற உள்ளூர்ப் பிள்ளையள் ஒரே பிள்ளையள் எண்டு நினைக்காதேங்கோ. ஒரு நாளைக்கு ரெண்டு காட்சி, கிழமைக்குப் பன்னிரண்டு வரை போகும். அதால ரெண்டு மூண்டு அணியாப் பிரிச்சு மாத்தி மாத்தி விடுவினம். பிள்ளையளுக்கு உள்ளூராட்சி சபையின்ர அனுமதி வேணும், பன்னிரண்டு பிள்ளையளுக்கு ஒரு பொறுப்பாளராவது கூட நிக்கவேணும். 1889 வரை இதுக்கெண்டு சட்டமே இருக்கேல்லை. அதுக்கு முந்தி நாலைஞ்சு வயதுப் பிள்ளையள் நடுச்சாமம் வரை தேவதையா நிண்டதுகள். அந்த வருசத்துச் சட்டம்தான் ஏழு வயதுக்குக் குறைஞ்ச பிள்ளையளை மேடையில ஏத்தக் கூடாதெண்டு சொன்னது.

அடுத்தது, 'ரிலாக்ஸ்ட்' காட்சியள். ஓட்டிசம் மாதிரி நிலையில இருக்கிற பிள்ளையளுக்காக. அரங்க விளக்கை முழுக்க அணைக்கமாட்டினம், சத்தத்தைக் குறைப்பினம், வெடியும் பளிச்சிடுற வெளிச்சமும் இல்லை, கதவு திறந்தே கிடக்கும், எழும்பிப் போய் வரலாம். வில்லனா நடிக்கிறவர் தொடங்கமுந்தியே வந்து "நான் நடிக்கத்தான் போறன்" எண்டு சொல்லி முகம் காட்டிட்டுப் போவார். தாய் தகப்பனுக்குப் படத்தோட கதைச்சுருக்கம் முன்கூட்டியே அனுப்புவினம். முப்பது வருசத்துக்கு முந்தி அந்தப் பிள்ளை அரங்குக்கே வந்திருக்காது.

எதிர்மேடை:
@வடலி, இது சரியான சான்று. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்திரைக் காட்சியின் உள்ளூர் ஜோக்குகள் நிஜமாகவே உள்ளூரா? பெரிய தயாரிப்பு நிறுவனங்கள் ஒரே பிரதியை ஊர் ஊராக ஓட்டுகின்றன. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள்.

முன்திரை:
பிரதி ஒன்றுதான். அதில் கோடு போட்டு விட்ட இடங்கள் இருக்கும்: "இங்கே பக்கத்து ஊர்ப் பெயர்", "இங்கே மோசமான சாலை". அதை நிரப்புகிறவரைப் பொறுத்துத்தான் மேடை எழும் அல்லது விழும். வேலை செய்கிற விதிகள் சில உண்டு.

கேலி பக்கத்து ஊர் மேல் இருக்க வேண்டும், சொந்த ஊர் மேல் அல்ல. சொந்த ஊரைக் கேலி செய்யும் உரிமை அந்த ஊரிலேயே வருஷா வருஷம் வருகிற டேமுக்கு மட்டும் உண்டு. டிவியிலிருந்து வந்த நட்சத்திரம் அதையே சொன்னால் அரங்கு உறைந்துவிடும். மூடிய தொழிற்சாலை, மூடப்போகிற மருத்துவமனை இரண்டையும் தொடவே கூடாது. அங்கே வேலை பார்த்தவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மாநகராட்சியை அடிக்கலாம், ஆனால் பல ஊர்களில் அரங்கே மாநகராட்சிக்குச் சொந்தம், ஆகவே ஒரு அளவு. விபத்து, கொலை நடந்த தெருப் பெயர் பிரதியில் தற்செயலாக இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் காலையில் உள்ளூர்ச் செய்தியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலும் கம்பெனி மேனேஜர்தான் பார்ப்பார். இதில் கோட்டைவிட்டால் மன்னிப்புக் கேட்டு மாளாது.

ஜோக்குக்குக் காலாவதியும் உண்டு. டிசம்பர் முதல் வாரத்து அரசியல் ஜோக் ஜனவரியில் செத்துவிடும். நல்ல டேம் நடிகர் இரண்டாவது வாரத்திலேயே மாற்று வைத்திருப்பார். மாற்றும்போது முரசு அடிக்கிறவரிடம் சொல்ல வேண்டும். அவர் ஜோக்கின் கடைசிச் சொல்லைக் கேட்டுத்தான் அடிப்பார். சொல் மாறியது தெரியாவிட்டால் அடி விழாது, ஜோக்கும் விழாது.

ஒப்பனைப்பெட்டி:
கூடவே இது: ஒரே ஜோக்கில் இரண்டு தளம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு விழுகிற மனிதன், பெற்றோருக்கு இரட்டை அர்த்தம். இரட்டை அர்த்தம் தனியாக நின்று பிள்ளைக்குச் சிரிக்க ஒன்றுமே இல்லாவிட்டால் "அம்மா, ஏன் சிரிக்கிறீங்க?" என்று ஒரு குரல் நிச்சயம் வரும், அடுத்த வாரம் புகார்க் கடிதமும் வரும்.

கேள்விக்கொக்கி:
இந்தக் குளிர்காலத்தில் போய்ப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. ஒரே ஒரு காட்சிக்குத்தான் டிக்கெட் எடுக்க முடியும். குறிப்பெடுக்க எது நல்லது?

தூக்குக்கயிறு:
பல்லேடியம் மாதிரிப் பெரிய லண்டன் அரங்கு வேண்டாம். அங்கே ஊர் என்று ஒன்று கிடையாது, நாடு முழுக்க வந்து உட்கார்ந்திருக்கும். வட இங்கிலாந்திலோ மிட்லண்ட்ஸிலோ ஒரு நடுத்தர ஊர், ஒரே டேம் பல வருஷமாக வருகிற அரங்காகப் பாருங்கள். வருஷம் முழுக்க ஓடுகிற மற்ற நாடகங்களுக்குப் பணம் பெரும்பாலும் இந்த ஆறு வாரத்தில்தான் வரும் என்பதால் அங்கே அக்கறையாகச் செய்வார்கள்.

பள்ளிகள் மொத்தமாக வருகிற வார நாள் பகல் காட்சியைத் தவிருங்கள், பிள்ளைகள் சத்தத்தில் வசனமே கேட்காது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் மாலைக் காட்சி எடுங்கள். பாட்டியிலிருந்து பேரன் வரை மூன்று தலைமுறையும் இருக்கும். பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் தேவதை இடப்புறமிருந்தும் வில்லன் வலப்புறமிருந்தும் வருவார்கள். வலப்பக்க ஓரம், பத்தாவது வரிசை வாக்கில் உட்கார்ந்தால் வில்லன் நுழையும்போது எதிர்ப்பக்கத்து முகங்கள் எல்லாம் தெரியும். வில்லனை இகழ்ந்து யார் முதலில் 'பூ' (boo) என்று கூவுகிறார்கள், என்ன சொன்னால் சத்தம் கூடுகிறது என்று எழுதுங்கள். வாடகை ஏற்றுகிறேன் என்று வில்லன் சொல்லும் இடத்தையும் குழந்தையைக் கடத்துகிறேன் என்று சொல்லும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியில் பாட்டு வரிகள் எழுதிய பாட்டுத்துணி இறங்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். பின்னால் படிக்கட்டுச் செட் ஏறுகிறது, எல்லாரும் இறுதி உடைக்கு மாறுகிறார்கள், அதற்காக அரங்கு முழுவதையும் பத்து நிமிடம் பாடவைப்பார்கள். பிள்ளைகளை மேடைக்கு ஏற்றி "பெயர் என்ன, எந்த ஊர், சான்டா என்ன கொடுத்தார்" என்று கேட்கிற அரங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.